எழுதாக் கடனும் போகித் தீயும்

விழாத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் கூட்டுறவுச் சங்கப் பெரியோர்களே, ஒலிபெருக்கியைக் காசு வாங்காமல் தந்த தம்பி, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தனி வணக்கம். முந்திரி, காணி, மாகாணி என்று எண்சுவடியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பழைய கணக்கை இன்று நான் வாசிக்கிறேன் என்றால் அது ஐயா போட்ட பிச்சை.

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பார்கள். நெசவாளர் கூலி, அவர்கள் வீட்டுப் பிழைப்பு, ஆலை நூல் வந்தபின் கைத்தறிக்கு நேர்ந்தது என்று பொருளாதார வரலாற்று ஆராய்ச்சியிலிருந்து மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் கூலி. 1998-இல் பிரசன்னன் பார்த்தசாரதி என்ற வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் நெய்தவரும் தென்னிந்தியாவில் நெய்தவரும் தங்கள் கூலிக்கு எவ்வளவு தானியம் வாங்க முடிந்தது என்று கணக்குப் போட்டார். நம் ஆள் இளைத்தவரில்லை என்று வந்தது. கையில் காசு குறைவுதான், ஆனால் இங்கே தானியம் மலிவு. வியாபாரியைப் பிடிக்காவிட்டால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடம் போகவும் நெசவாளருக்கு வழி இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கை ஓங்கியதும் அந்த வழியை அடைத்தது.

2006-இல் ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுபிரியா குப்தாவும் இதை மறுத்தார்கள். வெள்ளி எடையில் அளந்தால் இங்கிலாந்தின் கூலி எப்போதுமே வெகு உயரம், தானியத்தில் அளந்தாலும் 18-ஆம் நூற்றாண்டில் இந்தியா பின்தங்கிவிட்டது என்றார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. ஏன் ஓயவில்லை? சான்றில் பெரும்பகுதி கம்பெனிக்காரர் எழுதிவைத்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் கட்டுக்கட்டாக இருக்கிறது. துணி வாங்கியவர் எழுதினார், நெய்தவர் எழுதவில்லை. வீட்டில் ஊடை நூலைத் தார் சுற்றியது யார், பாவுக்கு, அதாவது நெடுக்கு நூலுக்கு, கஞ்சி போட்டது யார், அவர்களுக்கு என்ன கிடைத்தது? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

சரி, ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் போகியன்று விடியற்காலை ஐந்து மணி. எங்கள் தெருவில் ஒரு பழைய நூல் வியாபாரியின் வீடு. வாசலில் தீ எரிகிறது. கிழிந்த பாய், உடைந்த முறம், அதன்மேல் ஒரு சாக்கு மூட்டை. மூட்டை வாயிலிருந்து சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் பேரேடு ஒன்று எட்டிப் பார்க்கிறது. நான் ஓடிப்போய்க் கையை விட்டுவிட்டேன். ஓரம் கருகியிருந்தது, என் விரலும் கொப்பளித்தது. "அப்பா கையெழுத்து யாருக்குப்பா புரியும், விடு" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. திண்ணையில் உட்கார்ந்து தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தேன். மேலே பிள்ளையார் சுழி, அடியில் லாபம் என்று எழுதி, பாவு இத்தனை, கூலி இவ்வளவு, பற்றுப் போகப் பாக்கி இவ்வளவு என்று போகிறது. ஒரு வரியில் நின்றேன்: "தார் சுற்றின வகையில் வீட்டுப் பிள்ளைக்கு அரையணா." சத்தமாகப் படித்தேன். பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது நான்தான்பா. அப்ப எனக்கு எட்டு வயசு" என்றார். அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மூட்டையில் மீதி இருந்தது அதற்குள் சாம்பல்.

உலகத்து ஆராய்ச்சியாளர்கள் தேடும் வீட்டுப் பிழைப்பு அந்த ஒரு வரியில் இருந்தது, ஐயா! 18-ஆம் நூற்றாண்டு இனித் திரும்பாது. நம் பாட்டன் காலத்து நாள்கணக்குச் சிட்டையும் பேரேடும் இன்னும் பரணில் கிடக்கின்றன. ஆலை நூலைப் பற்றி நான் சொல்லவந்த மூன்றாவது செய்திகூட அவற்றுக்குள்தான் இருக்கிறது. அதை நான் சொல்வதைவிட நீங்கள் அவற்றை எடுத்துவருவது முக்கியம். எடைக்குப் போடாதீர்கள், போகியில் போடாதீர்கள். எழுதாக் கடனுக்குத்தான் அழுது பயனில்லை, எழுதிய கடனையும் எரித்துவிட்டு அழவேண்டுமா?

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு இதே நூலகத்தில் இருப்பேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு ஏட்டை உங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறேன். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, பழைய துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.