பக்கத்துப் பலகை

(நூலக வாசகர் வட்ட ஆண்டுவிழாவில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிமார்களே, வணக்கம். போன மழைக்கு இந்தக் கூரை ஒழுகியபோது முதல் ஆளாக வந்து நின்றவர் நகர்மன்றத் தலைவர் அம்மா. நனையாமல் காத்த புத்தகங்களின் சார்பில் அவருக்கு நன்றி.

வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் ஓவியம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: கட்டணம், பாடத்திட்டம், தனிமை. தனிமையை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்." வகுப்பின் முதல் நாள் நான் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். 2020-ல் ஊரடங்கு வந்து வகுப்பு செல்போனுக்குள் போனது. பிள்ளைகள் தினமும் வரைந்தார்கள், கை பழகியது. ஆனால் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி வந்தன. நேர் வகுப்பில் நடுவில் ஒருவரை உட்காரவைத்துச் சுற்றியிருந்து வரைவோம். ஒருத்திக்கு மூக்கு தெரியும், ஒருவனுக்குப் பிடரிதான் தெரியும். இடைவேளையில் எழுந்து பக்கத்துப் பலகையை எட்டிப் பார்ப்பார்கள். "தோளை எப்படிடா பிடிச்ச?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி சொல்லித் தருவதை நான் ஒரு மணி நேரம் பேசினாலும் தர முடியாது. செல்போனில் எல்லாருக்கும் ஒரே கேமரா, ஒரே கோணம்.

என் மாணவன் ஒருவன் கதை. அப்பா தறி ஓட்டுகிறவர். பையன் எட்டு மாதம் மொட்டைமாடி அறையில் தனியாக வரைந்தான். முகம் வேண்டுமென்றால் கண்ணாடியில் தன் முகம், அலுத்துப்போனால் அம்மா முகம். அப்புறம் யாரை வரைந்தாலும் அவன் அம்மாவின் கண்ணே வந்து நின்றது! ஒருநாள் கரித்துண்டு வாங்க ஸ்டேஷனரி கடைக்குப் போயிருக்கிறான். கடையில் ஒரே டப்பாதான் மிச்சம். அதே டப்பாவுக்குக் கை நீட்டியது ஒரு பெண். "உனக்கு எதுக்குக் கரி?" "ஆன்லைன்ல டிராயிங் படிக்கிறேன்." "எங்கே?" பார்த்தால் என் வகுப்பு! எட்டு மாதமாக ஒரே வகுப்பு, இரண்டு தெரு தள்ளி வீடு. இருவரும் கேமராவை அணைத்து வைத்திருந்ததால் முகம் தெரியவில்லை. அந்த டப்பாவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அவன் அனுப்பிய படத்தில் வேறொரு கண் இருந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன்.

சித்திரமும் கைப்பழக்கம், சரி. அந்தக் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்கள், கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். பாட்டிக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருள் விற்ற காசு அவர்களுக்குக் கைகொடுத்தது. தனித்தனியாக வரையத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். ஆனாலும் சேர்ந்து வாழ இடம் தேடினார்கள்.

நகர்மன்றத் தலைவர் அம்மாவிடம் நான் நிலம் கேட்கவில்லை. இந்த நூலக மாடியில் பழைய செய்தித்தாள் அடுக்கியிருக்கும் அறையை ஞாயிறு காலை மூன்று மணி நேரம் திறந்துவிடுங்கள். எந்த ஊர்க் கல்லூரியில் ஆன்லைனில் படித்தாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்து வரையட்டும். ஜன்னல் வடக்கு பார்த்தது, வெளிச்சம் அருமை. வடிகாலோடு ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் வேண்டும். கட்டணமும் பாடத்திட்டமும் இன்னொரு மேடையில் பேசுகிறேன், நேரமாகிவிட்டது. கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் முன் கையெழுத்துப் போடுங்கள்.