காலிக் கூடு வெளியே வருகிற கதை

நேயர்களுக்கு வணக்கம். எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவி ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவைக்கிறோம். மறுநாள் காலையில் காப்பி நேரத்தில் பார்த்தால் இரண்டு டம்ளர் பிரியவே பிரியாது. இழுத்துப் பார்ப்போம், திருகிப் பார்ப்போம், தரையில் தட்டிப் பார்ப்போம். கடைசியில் வீட்டில் பெரியவர் யாராவது உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்தி, அலுங்காமல் பிரித்துக் கொடுப்பார்கள். இன்றைக்கு நான் பேசப்போவது அந்தச் சங்கடத்தைப் பற்றித்தான். என்ன, டம்ளருக்குப் பதில் தோட்டா. அதைப் பிரிக்கக் கிடைக்கிற நேரமும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குதான்.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி மேல் எனக்கு ஆசை கிடையாது. அதற்குள் இருக்கிற பொறி மேல்தான் ஆசை. கல்லூரிக் காலத்தில் என்சிசி முகாமில் பழைய பாயிண்ட் 303 துப்பாக்கியில் ஐந்து தோட்டா சுடக் கொடுத்தார்கள். முதல் தோட்டாவைச் சுட்டேன். காலிக் கூட்டை வெளியே எடுக்க போல்ட்டின், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கிற இரும்புத் தண்டின், கைப்பிடியைப் பிடித்து நேராகப் பின்னால் இழுத்தேன், அசையவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த ஹவில்தார், "இழுக்காதே தம்பி, முதல்ல கைப்பிடியை மேலே தூக்கு. தூக்கும்போதே அது பாதி கழன்றுவிடும், அப்புறம் இழு" என்றார். தூக்கினேன். உள்ளே 'டிக்' என்று மெல்லிசாக ஒரு சத்தம். அப்புறம் இழுத்தால் வெண்ணெய் மாதிரி வந்தது. கூடு புல்லில் விழுந்தது, கையில் எடுத்தால் சுட்டது, கழுத்தில் ஒரு பக்கம் கரிக்கோடு. அந்த 'டிக்' சத்தம்தான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துப் போட்டது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? தோட்டா என்று நாம் மொத்தமாகச் சொல்கிறோம். அதில் பறந்து போவது முன்னால் இருக்கிற குண்டு மட்டும்தான். மருந்தை அடைத்து வைத்திருக்கிற பித்தளைக் கூடு துப்பாக்கிக்குள்ளேயே தங்கிவிடும். மருந்து எரிகிறபோது உள்ளே ஏறுகிற அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 3000 மடங்கு. அதில் அந்தப் பித்தளைக் கூடு பலூன் மாதிரி உப்பி, குழலின் அடியில் தான் உட்கார்ந்திருக்கிற அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்வதும் நல்லதற்குத்தான், இல்லாவிட்டால் நெருப்பு பின்னால் வந்து சுடுகிறவன் முகத்தில் அடிக்கும். குண்டு குழலை விட்டுப் போனதும் அழுத்தம் இறங்கும், கூடு ஒரு மயிரிழை சுருங்கும், சுவரை விடும். உப்ப வேண்டும், ஒட்ட வேண்டும், பிறகு சுருங்கி விட்டுக்கொடுக்க வேண்டும். இதெல்லாம் ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குக்குள் நடந்து முடிகிறது.

கையால் போல்ட்டை இயக்குகிற துப்பாக்கியில் இது பெரிய பிரச்சினை இல்லை. நாம் கையை எடுத்து வைப்பதற்குள் கூடு சுருங்கித் தயாராக இருக்கும். தானே சுட்டு, தானே காலிக் கூட்டை எடுத்துப் போட்டு, தானே அடுத்ததை நுழைத்துக்கொள்கிற துப்பாக்கி என்று வந்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. அது அவசரப்படுகிறது. கூடு இன்னும் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் விளிம்பைப் பிடித்திருக்கிற கொக்கி பின்னாலிருந்து இழுத்தால் என்ன ஆகும்? கொக்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், அல்லது கூட்டின் அடிப்பாகம் மட்டும் தனியாகக் கழன்று வரும். மீதிக் குழாய் உள்ளேயே இருக்கும். அடுத்த தோட்டா போய் அந்தக் குழாய்க்குள் சொருகிக்கொள்ளும், நம் டம்ளருக்குள் டம்ளர் போல. அவ்வளவுதான், துப்பாக்கி இரும்புத் துண்டாகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்லவேண்டும். நேரமாகும், பரவாயில்லை. 1885 ஜனவரி 17, சூடான் பாலைவனத்தில் அபு கிலியா என்கிற கிணற்றுப் பக்கம். கார்ட்டூமில் மாட்டிக்கொண்ட ஜெனரல் கோர்டனை மீட்கப் போன பிரிட்டிஷ் படை சதுரமாக அணிவகுத்து நகர்கிறது. கடற்படைக்காரர்கள் ஐந்து குழல் கொண்ட கார்ட்னர் துப்பாக்கி ஒன்றைக் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அது முழுத் தானியங்கி இல்லை, பக்கத்தில் இருக்கிற கைப்பிடியைச் சுற்றினால் சுடுகிற வகை. லார்ட் சார்ல்ஸ் பெரெஸ்ஃபோர்ட் என்கிற கடற்படை அதிகாரி அதைச் சதுரத்துக்கு வெளியே இழுத்து வந்து தானே சுடுகிறார். சூடானில் கிளர்ச்சியை நடத்திய மஹ்தி என்கிற மதத் தலைவரின் வீரர்கள் ஈட்டியும் வாளுமாக ஓடிவருகிறார்கள். சுமார் 70 சுற்று சுட்டிருப்பார், துப்பாக்கி நின்றுவிட்டது. பின்னால் அவரே எழுதிவைத்திருக்கிறார்: காலிக் கூட்டின் தலையைக் கொக்கி பிய்த்து எடுத்துவிட்டது, உடம்பு குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது என்று. எதிரி வந்து சேருகிற அந்தச் சில வினாடிகளில் அந்த மனிதர் மேல் தகட்டைத் திருகி எடுத்து, உள்ளே சிக்கியதை நீக்கப் பார்க்கிறார்! கூட இருந்தவர்கள் அந்த இடத்திலேயே செத்தார்கள். அவர் துப்பாக்கி ஓரமாகக் கீழே விழுந்து எப்படியோ பிழைத்தார், பிற்பாடு அட்மிரலாகவும் ஆனார். அன்றைக்குச் சிப்பாய்கள் கையில் இருந்த மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளும் நிறைய சிக்கின. அந்தத் தோட்டாவின் கூடு பித்தளைத் தகட்டைக் காகிதம் போலச் சுருட்டிச் செய்தது, மணலும் சூடும் சேர்ந்தால் நெளிந்துவிடும். பின்னால் ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கூடு வந்து அந்தத் தொல்லை குறைந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஓடிவந்தவர்கள் தங்கள் மண்ணில் நின்று சண்டை போட்டவர்கள். ஒரு கூடு சிக்கியதில் அன்றைக்கு அவர்களுக்குச் சில வினாடி கிடைத்தது, அவ்வளவுதான். அடுத்தடுத்த வருஷங்களில் போர்க்களத்துக்கு வந்த துப்பாக்கி அந்தச் சில வினாடியையும் கொடுக்கவில்லை.

அந்தத் துப்பாக்கி ஹிராம் மாக்சிம் செய்தது. அமெரிக்கர், லண்டனில் பட்டறை வைத்து 1884ல் செய்து காட்டினார். சுடும்போது தோளில் உதைக்கிறதே, அந்த உதையையே வேலைக்கு வைத்துக்கொண்டார். நிமிடத்துக்கு 600 சுற்று, அதாவது வினாடிக்குப் பத்து. இதில் எல்லோரும் மெச்சுவது வேகத்தை. நான் மெச்சுவது நிதானத்தை. சுட்டவுடன் குழலும் போல்ட்டும் ஒன்றையொன்று பிடித்தபடியே சேர்ந்து கொஞ்ச தூரம் பின்னால் போகும். அந்த நேரத்தில் குண்டு வெளியே போய்விடும், அழுத்தம் இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் பூட்டு விடும். பூட்டு எப்படி? உங்கள் கையை நேராக நீட்டிச் சுவரில் ஊன்றிப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் முழங்கை மடங்காது. யாராவது முழங்கையைக் கீழிருந்து லேசாகத் தட்டினால் மடங்கிவிடும். மாக்சிமின் பூட்டு அந்த முழங்கைதான். இதில் இன்னொரு நுணுக்கம், கை மடங்க ஆரம்பிக்கிற முதல் கணத்தில் உள்ளங்கை மிகக் கொஞ்சம்தான் நகரும், பலமோ ரொம்ப அதிகம். அதாவது முதலில் மெதுவாக, பலமாக ஒரு நெம்பு, பிறகு வேகமாக ஓர் இழுப்பு. ஹவில்தார் சொன்னாரே, முதலில் தூக்கு அப்புறம் இழு என்று, அதையே இரும்பு தானாகச் செய்கிறது. இழுக்கிறதும் ஒற்றைக் கொக்கி இல்லை, விளிம்பை இரண்டு பக்கமும் தழுவிப் பிடிக்கிற ஒரு தவாளிப்பு.

இதன் தம்பி 1912ல் வந்த விக்கர்ஸ். அதுவும் சிக்கும். அப்போது வலப்பக்கம் இருக்கிற கைப்பிடி எந்த நிலையில் நின்றுபோயிருக்கிறது என்று பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். நாலு நிலை, நாலு வைத்தியம். இருட்டில் தடவிப் பார்த்தே செய்யப் பழக்கினார்கள். கூடு பாதியாகப் பிய்ந்து உள்ளே நின்றுவிட்டால் அதற்குள் விட்டுப் பிடித்து இழுக்க ஒரு சின்னக் கருவியும் சாமான் பையில் இருக்கும்.

மாக்சிம் மாதிரிப் பூட்டு செய்வது செலவு பிடித்த வேலை. அப்போது ஆஸ்திரியாவில் ஷ்வார்ட்ஸ்லோஸ என்பவரின் துப்பாக்கி 1907ல் வந்தது. முழுப் பூட்டே கிடையாது. கனமான போல்ட், கொஞ்சம் தாமதப்படுத்தும் ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். விலை மலிவு, உறுதி. ஆனால் கூடு முழுசாகச் சுருங்குவதற்கு முன்பே கதவு திறந்துவிடும். என்ன செய்தார் தெரியுமா? நம் அம்மாக்கள் செய்வதைத்தான் செய்தார். இட்லித் தட்டில் ஒட்டாமல் வர என்ன செய்கிறோம், எண்ணெய் தடவுகிறோம். அவர் துப்பாக்கிக்குள் ஒரு குட்டி எண்ணெய் பம்பையே வைத்துவிட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பீச்சு. எண்ணெய் பூசிய கூடு சுவரைக் கெட்டியாகப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். முதல் உலகப் போரில் இசோன்ஸோ ஆற்றங்கரையில் ஆஸ்திரியர்கள் இதை வைத்துச் சுட, எதிர்ப்பக்கம் இத்தாலியர்கள் வைத்திருந்த ஃபியட் ரெவெல்லியும் தோட்டாவுக்கு எண்ணெய் போடுகிற வகைதான்!  ஷ்வார்ட்ஸ்லோஸ துப்பாக்கியில் போருக்கு முன்பே, 1912ல் வந்த மாதிரியில், போல்ட்டைக் கனமாக்கி அந்தப் பம்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.

எண்ணெயில் என்ன தொல்லை என்று இட்லி ஊற்றுகிற யாரையும் கேட்கவேண்டாம், நடு முற்றத்தில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து பாருங்கள், தூசியெல்லாம் கையில் வந்து ஒட்டும். இத்தாலியர்கள் 1930ல் கொண்டுவந்த பிரெடா துப்பாக்கியிலும் எண்ணெய்த் தொட்டி வைத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குப் போனார்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அது உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். எது சிக்காமல் இருக்கவேண்டும் என்று போட்டார்களோ அதனாலேயே சிக்கியது. ஜப்பானியர்களும் 1922ல் வந்த இலேசுரக இயந்திரத் துப்பாக்கியில் எண்ணெய் வைத்துச் சீனாவின் புழுதியில் இதே பாடுபட்டார்கள். அமெரிக்காவில் பெடர்சன் என்பவர் எண்ணெய்க்குப் பதில் தோட்டாவுக்கே மெழுகு பூசிப் பார்த்தார், நன்றாகவே வேலை செய்தது, ஆனாலும் ராணுவம் மெழுகே வேண்டாத, காரண்ட் என்பவரின் துப்பாக்கியை 1936ல் எடுத்துக்கொண்டது.

நிலையத்தில் கையைக் காட்டுகிறார்கள். இன்னும் நான் பித்தளைக்கே வரவில்லை! பித்தளை பற்றிச் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டேன், அதுதான் என் செல்லப்பிள்ளை.

கூட்டின் பித்தளை செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஒரு விநோதமான நோய் வந்தது. மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும், தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கிவைப்பார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் யாரும் தொடாத கூடுகளின் கழுத்தில் கீறல் விட்டிருக்கும். கழுத்துக் கிழிந்த கூட்டைச் சுட்டால் எங்கே வெடிக்கும், எங்கே சிக்கும் என்று சொல்ல முடியாது. 1921ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்று மூன்று பேர் முடிச்சை அவிழ்த்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்புகிற அம்மோனியா ஒரு பக்கம், கூட்டை இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் மாட்டிக்கொண்ட இறுக்கம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் கீறல். செய்து முடித்த பிறகு மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைப் போக்கிவிட்டால் போதும். இன்றைக்கும் ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும், அது சூடு காட்டிய அடையாளம், துரு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். எங்கள் ஊர் வீட்டில் மாட்டுத் தொழுவத்தில் கிடந்த பித்தளைச் சொம்பு ஒன்று கழுத்தில் நெடுக்குவாட்டில் கீறல் விட்டிருந்தது. அதுவும் இதனால்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று பேர் ஞாபகம் வரும்.

அப்புறம் கூட்டையே கூம்பாகச் செய்வது, அறையின் சுவரில் நெடுக்காகக் கோடுகள் வெட்டி எரிந்த வாயுவையே கூட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டு மிதக்கவைப்பது, இட்லித் துணியில் ஈரம் இருப்பதுபோல... இதைத்தான் விரிவாகச் சொல்வதாக இருந்தேன். ஏகே 47ன் தோட்டாப் பெட்டி ஏன் வாழைப்பழம் போல வளைந்திருக்கிறது என்றால் கூம்பான கூடுகளை அடுக்கினால் வளையத்தான் செய்யும், அதோடு விடுகிறேன். வியட்நாமில் அமெரிக்கர்களின் எம் 16 துப்பாக்கி சிக்கி, சிப்பாய்கள் துடைக்கிற கம்பியைக் குழலின் வாய்வழியாக விட்டுக் கூட்டைத் தட்டி எடுத்த கதைக்கும், பிறகு அறைக்குக் குரோமியம் பூசிய கதைக்கும் இன்றைக்கு நேரமில்லை.

அந்த என்சிசி காலிக் கூடு? நைசாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாலையில் எண்ணிப் பார்த்தார்கள், ஒன்று குறைந்தது, மொத்தப் பேரையும் புல்லில் வரிசையாக உட்காரவைத்துத் தேடவிட்டார் ஹவில்தார். பத்து நிமிடம் நானும் மும்முரமாகத் தேடினேன், பிறகு புல்லிலிருந்து எடுப்பதுபோல எடுத்துக் கொடுத்துவிட்டேன். வணக்கம்.