வண்டித் தோசை கடைக் கல்லுக்கு வந்த நாள்

அனைவருக்கும் வணக்கம். இன்று காலை எட்டே காலுக்கு, கடை திறந்த நாற்பத்தொன்றாம் நாளில், கோவை கணபதியில் இருக்கும் நம் கடையின் பெரிய கல்லிலிருந்து எடுத்த தோசை சரவணம்பட்டியில் நிற்கும் நம் உணவு வண்டியின் தோசையைப் போலவே வந்தது. இந்தச் செய்தியை இரவு கணக்கு முடித்த பிறகு சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். மனம் கேட்கவில்லை. அதனால் மதிய வேளை முடிந்து, மேசைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலேயே, வழக்கமான எவர்சில்வர் டம்ளரில் காபியை வைத்துக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்துவிட்டேன்.

சென்ற இரண்டு காணொளிகளையும் பார்த்தவர்களுக்கு என் வருத்தம் தெரியும். அதே இட்லி அரிசி, அதே உளுந்து, நான்குக்கு ஒன்று என்ற அதே அளவு, வண்டிக்கு மாவு அரைத்துத் தந்த அதே சாய்வு கிரைண்டர். இருந்தும் கடையில் ஊற்றிய தோசை நடுவில் கருகி, ஓரத்தில் வெளிறி, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில், மாவு நன்றாக இருந்தும் தோசை சரியாக வரவில்லை என்றால் சாப்பிட வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், பொறுத்துக்கொள்ளவும் கூடாது. 2019 இல் வண்டி தொடங்கிய நாள் முதல் நம்மிடம் சாப்பிடும் பெரியவர் ஒருவர், கடை திறந்த மூன்றாம் நாள் பாதித் தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "அம்மிணி, நான் சாயந்தரம் வண்டிக்கே வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் தோசை சுடும் மாஸ்டரின் கையைச் சந்தேகித்தேன். அது தவறு, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்து, கல் இன்னும் பழகவில்லை என்று நினைத்தோம். புதுக் கல்லில் பட்டறையின் எண்ணெயும் இரும்பின் மேல் தோலும் இருக்கும் என்பதால் புளிக்கரைசல் ஊற்றித் தேய்த்து, கழுநீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தை வெட்டி அதன் முகத்தால் ஒரு வாரம் முழுக்கத் தேய்த்தோம். கல் கறுப்பாக, வழவழப்பாகப் பழகியது. ஒட்டுவது நின்றது, ஆனால் நடுவில் கருகுவதும் ஓரம் வெளிறுவதும் நிற்கவில்லை.

அடுப்பை விற்ற கடையில் கேட்டபோது, பர்னர் அமைப்பே போதாது என்றும், 38,000 ரூபாய்க்குப் புது அடுப்பு வாங்கினால்தான் சரியாகும் என்றும் சொன்னார்கள். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத அடுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. துப்பாக்கி போன்ற வடிவில், தொடாமலே வெப்பம் காட்டும் வெப்பமானி ஒன்றை 1,450 ரூபாய்க்கு வாங்கி, கல்லை ஒன்பது கட்டங்களாகச் சுண்ணக்கட்டியால் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் வெப்பத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தேன். நடுவில் 235 டிகிரி, மூலைகளில் 150 டிகிரி. வண்டிக் கல்லை அதே போல் அளந்தபோது, அந்தச் சின்ன வட்டக் கல்லில் எந்த இடத்திலும் 180க்கும் 195க்கும் வெளியே எண் போகவில்லை. மாஸ்டர் ஐந்து வருடமாகக் கையை மேலே காட்டி அறிந்துகொண்டிருந்ததை நான் எண்ணாகப் பார்த்தது அன்றுதான்.

காரணம் எளிது. வண்டிக் கல் ஆறு மில்லிமீட்டர் கனம். தீயைக் கூட்டினால் உடனே சூடாகும், தண்ணீர் தெளித்தால் உடனே தணியும். கடைக் கல் நான்கடி நீளம், பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம். சூடேற அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும், ஏறிய சூட்டை எளிதில் விடாது. அதன் அடியில் மூன்று பர்னர்களையும் நடுப்பக்கமாக நெருக்கிப் பொருத்தியிருந்ததால், தீ படாத ஓரங்களுக்குச் சூடு போய்ச் சேரவே இல்லை. கணபதி பட்டறைகள் நிறைந்த பகுதி என்பது உங்களுக்குத் தெரியும். கடைக்குப் பின்தெருவில் வெல்டிங் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் என் ஒன்பது கட்டக் காகிதத்தைக் காட்டினேன். அவர் அடுப்பைக் கவிழ்த்து, வெளிப்பக்கப் பர்னர்கள் இரண்டையும் நான்கு அங்குலம் தள்ளிப் பொருத்தி, அவற்றுக்குத் தனித்தனித் திருகு வைத்து, வாயு கசிகிறதா என்று சோப்பு நீர் தடவிப் பார்த்துவிட்டு, 350 ரூபாய் கேட்டார். முந்நூற்றைம்பது ரூபாய்! முப்பத்தெட்டாயிரம் செலவாகும் என்று சொன்ன இடத்தில் முந்நூற்றைம்பதில் வேலை முடிந்தது. அந்தத் தம்பிக்கு இன்று காலை பொட்டலமாக நான்கு தோசை கொடுத்து அனுப்பினேன்.

இங்கே ஒன்றை விட்டுவிட்டேன். பர்னரை மாற்றிய மறுநாளும் தோசை முழுதாகச் சரியாகவில்லை. நிறம் சீராக வந்தது, ஆனால் மாவு வட்டமாக விரியாமல் திட்டுத் திட்டாக நின்றது. வண்டியில் குளிர்பெட்டி இல்லை. மாலையில் ஏற்றும் மாவு கடைசித் தோசை வரை வெளிச்சூட்டிலேயே இருக்கும். கடையிலோ, மூடிய டப்பாவை நான்கு டிகிரிக் குளிரிலிருந்து எடுத்து நேராகக் கல்லில் ஊற்றிக்கொண்டிருந்தோம். இப்போது அந்த வேளைக்கு வேண்டிய மாவை மட்டும் ஒன்றரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைக்கிறோம். இந்த இரண்டாவது மாற்றத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

சென்ற காணொளிக்கு வந்த பின்னூட்டங்களில் பாதிக்கு மேல் ஒரே யோசனை: வண்டியை விற்றுவிட்டு அந்தப் பணத்தைக் கடையில் போடுங்கள் என்பது. அன்போடு சொன்னீர்கள். ஆனாலும் நான் விற்கப் போவதில்லை. கடைக்கு வாடகை 32,000, ஆறு பேர் சம்பளம் 1,08,000, மின்சாரம் ஏறத்தாழ 15,000. இவற்றோடு இன்னொரு தொகையும் சேர்கிறது. அதை இப்போதே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

நம் கட்டட உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர். அவரிடம் வரி இல்லை, நமக்கும் வரி இல்லை என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத உரிமையாளரிடம் வணிகக் கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் பதிவுபெற்ற வியாபாரி, அந்த வாடகைக்கு 18 சதவீத வரியைத் தானே அரசுக்குக் கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. மாதம் 5,760 ரூபாய். உணவகம் வாடிக்கையாளரிடம் 5 சதவீத வரி வாங்கும் முறையில், தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி இல்லை. ஆகவே அந்த 5,760 முழுவதும் செலவுதான். ஒரு தோசையில் அரிசி, உளுந்து, எண்ணெய், எரிவாயு, சட்னி, சாம்பார் போக நமக்கு நிற்பது 22 ரூபாய் என்றால், மாதத்தின் முதல் 262 தோசைகளை இந்த ஒரு வரிக்காகவே சுடுகிறோம். சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இந்தச் சுமை இல்லை என்பதால் அதற்கு மாறலாமா என்று கேட்டேன். அங்கே வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. விற்பனையில் 5 சதவீதத்தை நம் கையிலிருந்து கட்ட வேண்டும். மாதம் நான்கு லட்சம் விற்றால் அதுவே 20,000. பழைய முறையிலேயே இருந்துவிட்டேன்.

ஆக, அரிசி வாங்கும் முன்பே கடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,360 ரூபாய் தேவை. மழை பெய்தாலும் தேவை, தெருவில் குழி தோண்டிப் போட்டாலும் தேவை. வண்டிக்கு இரண்டு பேர் சம்பளமும் டீசலும் நிறுத்துமிட வாடகையும் சேர்த்து 1,800 ரூபாயைத் தாண்டுவதில்லை. கூட்டம் இல்லாத இடத்திலிருந்து குட்டி யானை என்கிற இந்தச் சின்னச் சரக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேறு இடம் போகவும் முடியும். கடை காலையிலும் மதியத்திலும் நிறைகிறது, மாலையில் தளர்கிறது. சரவணம்பட்டியில் மென்பொருள் அலுவலகங்கள் விடும் மாலையில்தான் வண்டிக்குக் கூட்டம். ஒரே கிரைண்டர், ஒரே சாம்பார் அடுப்பு, ஒரே மாவு, இரண்டு வேளை விற்பனை. கடையின் முதல் மாத வாடகையைக் கொடுத்தது வண்டியின் கல்லா. அதை எப்படி விற்பேன்?

லாஸ் ஏஞ்சலிஸில் 2008 இல் கொரிய இறைச்சியை மெக்சிகோவின் டாக்கோ ரொட்டியில் வைத்து விற்கத் தொடங்கிய கோகி வண்டியைப் பற்றி முன்பு ஒரு காணொளியில் பேசினேன். அதன் சமையல்காரர் ராய் சோய் 2010 இல் உணவகம் திறந்தபோது வண்டிகளை நிறுத்திவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே ஓடின. கணபதியில் கடை எடுக்கலாம் என்று எனக்குக் காட்டியதும் நம் வண்டிதான். எட்டு சனிக்கிழமைகள் இதே தெருவில் நிறுத்தி, நின்று சாப்பிடுகிறவர்களைவிடப் பொட்டலம் வாங்குகிறவர்கள் அதிகம் என்று எண்ணிப் பார்த்த பிறகே, இங்கே குடும்பங்கள் இருக்கின்றன, உட்கார இடம் கொடுத்தால் வருவார்கள் என்று துணிந்து முன்பணம் கொடுத்தேன்.

வண்டியில் தோசை விற்கும் விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டி மட்டும் இருந்தபோது நம் ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குக் கீழே இருந்ததால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படவில்லை. கடைக்காகப் பதிவு செய்ததும், ஒரே உரிமையாளர் என்பதால், வண்டியின் விற்பனையும் அதற்குள் வந்துவிட்டது. ஐம்பது ரூபாய்த் தோசையை ஐம்பத்திரண்டரை ஆக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஐம்பதுக்குள்ளேயே வரியை அடக்கினேன்: 47 ரூபாய் 62 காசு தோசைக்கு, 2 ரூபாய் 38 காசு வரிக்கு. வண்டியில் நின்று சாப்பிடுகிறவர் கையில் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றுதான் இருக்கும். அதை வைத்து வயிறு நிறைய வேண்டும் என்பதில் நான் மாறவே மாட்டேன்.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தை மறந்துவிட்டேன், அதைக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். வண்டிக்கு எடுத்த பதிவு கடைக்குச் செல்லாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனி. நான் தொடங்கிய காலத்தில் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் நூறு ரூபாய்ப் பதிவு போதும். கடைக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் கட்டி மாநில உரிமம் எடுத்தோம். 2022 ஜனவரி 1 முதல் அந்தப் பதிவு அல்லது உரிமத்தின் 14 இலக்க எண் ரசீதிலும் இருக்க வேண்டும். கடை ரசீதில் முதல் நான்கு நாள் வண்டியின் எண் அச்சாகிக்கொண்டிருந்ததை என் தங்கை கவனித்துத் திருத்தினாள். உங்கள் ரசீதுகளையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

உணவுப் பட்டியலை நீட்டச் சொல்கிறவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாற்பது பெயர் எழுதிய அட்டை எனக்குப் பிடிக்காது. நாற்பதையும் புதிதாகச் செய்ய எந்தச் சின்ன அடுப்படியாலும் முடியாது. வண்டியில் ஏழு. கடையில் அந்த ஏழோடு சந்தகை என்னும் அரிசிச் சேவை, அரிசிப்பருப்புச் சாதம், மெதுவடை மட்டும். அரிசிப்பருப்புச் சாதத்தின் மேல் நெய் ஊற்றாமல் அனுப்புவதை என் கடையில் அனுமதிக்க மாட்டேன்; நெய் விலை ஏறினால் சாதத்தின் விலையை ஏற்றுவேனே தவிர நெய்யைக் குறைக்க மாட்டேன். வடை எண்ணெயைப் பொறுத்தவரை, அதில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. நாங்கள் அந்த எல்லை வரை போவதே இல்லை. இரண்டாம் நாள் எண்ணெயைத் தனி டின்னில் சேர்த்து, பயோடீசலுக்கு எடுத்துச் செல்கிறவர்களிடம் கொடுத்துவிடுகிறோம்.

இன்று காலைக்குத் திரும்பி வருகிறேன். பெரியவரை நேற்று வண்டியில் பார்த்தபோது, "ஐயா, நாளைக்கு ஒரே ஒரு தடவை கடைக்கு வாங்க" என்று கேட்டுக்கொண்டேன். வந்தார். கல்லுக்கு நேராக இருக்கும் மூன்றாவது மேசையில் உட்கார்ந்தார். மாஸ்டர் தண்ணீர் தெளித்தார், துணியால் துடைத்தார், இரண்டு கரண்டி மாவை ஊற்றி ஒரே சுற்றில் இழுத்தார். நான் வெப்பமானியைக் கையில் எடுக்கவில்லை. தட்டு போன பிறகு கல்லாவில் நின்றபடி ரசீதுச் சுருளை மாற்றுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஓரத்தை உடைத்து வெறுமனே வாயில் போட்டார், பிறகு சட்னியில் தொட்டார், பேசாமல் முழுத் தோசையையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னொண்ணு போடச் சொல்லு அம்மிணி, பொடி தூவி" என்றார். இரண்டாவதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மணி மூன்றரை ஆகிறது. வண்டிக்கு மாவும் சாம்பாரும் ஏற்ற வேண்டும். ஐந்து மணிக்குக் கல்லில் தீ வைக்க வேண்டுமானால் கடை மாவையும் இப்போதே வெளியே எடுக்க வேண்டும். அந்த ஒன்பது கட்டக் காகிதத்தைக் கல்லுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன், கேமராவை அந்தப் பக்கம் திருப்புகிறேன், வேண்டியவர்கள் நிறுத்திப் படித்துக்கொள்ளுங்கள்.