சட்டம் மாறினால் கலியாணம் மாறுமா?

[திரையில்: மடு ஆலய முகப்பு. ஆவணித் திருவிழாவுக்கு வந்து கூடாரம் அடித்திருக்கும் சனம்.]

வணக்கம். ஒரே பாலினத்தவர் கலியாணம் செய்யச் சட்டம் இடம்கொடுத்துவிட்டது என்று அடிக்கடி ஒரு நாட்டைப் பற்றிச் செய்தி வருகிறது. 2001இல் நெதர்லாந்தில் தொடங்கியது. 2015இல் கத்தோலிக்க நாடு என்று பெயரெடுத்த அயர்லாந்துக்கு வந்தது. 2019இல் தாய்வான், 2025 ஜனவரியில் தாய்லாந்து. நேபாளத்தில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவோடு 2023இல் பதிவு தொடங்கியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், இது நாடாளுமன்றம் தீர்மானிக்க வேண்டிய விடயம் என்று சொல்லிவிட்டது.

செய்தி வந்த கையோடு மன்னாரிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கேள்வி கிளம்பும். "நாளைக்கு இஞ்சையும் சட்டம் மாறினா, எங்கட கோயில் கலியாணம் என்ன ஆகும்?"

ஒன்றும் ஆகாது. ஏன் என்று விளங்க வேண்டுமென்றால், கலியாணத்தை உண்டாக்குவது யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

[திரையில்: பீடத்தின் முன் கைகோத்து நிற்கும் மணமக்கள்.]

பலரைக் கேட்டால், "பாதர்தான் கட்டி வைக்கிறார்" என்பார்கள். இல்லை. நாங்கள் சேர்ந்திருக்கும் இலத்தீன் திருச்சபையின் படிப்பினைப்படி, திருமணம் என்ற அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்களே. குரு திருச்சபையின் பெயரால் அவர்களின் சம்மதத்தைக் கேட்டு ஏற்றுக்கொள்ளும் சாட்சி. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1057ஆம் பிரிவு இதை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறது: திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம், அந்தச் சம்மதத்தின் இடத்தை எந்த மனித அதிகாரமும் நிரப்ப முடியாது. தாய் தகப்பனால் முடியாது. ஆயராலும் அரசாங்கத்தாலும் முடியாது.

சரி, சம்மதம் எதற்கு? 1055ஆம் பிரிவு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தங்கள் முழு வாழ்வையும் பகிர்ந்துகொள்ளும் உடன்படிக்கை. அது இருவரின் நன்மைக்காகவும், பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பதற்காகவும் அமைந்தது. ஒருவனுக்கு ஒருத்தி, சாகும்வரை. திருமணத்தை ஏற்படுத்தியவர் கடவுள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்கிறது. ஆகவே அதன் வரைவிலக்கணத்தை மாற்றும் உரிமை தனக்கே இல்லை என்பது திருச்சபையின் நிலைப்பாடு. திருத்தந்தை நினைத்தாலும் மாற்ற முடியாது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி உண்டு. பிள்ளைப்பேறுதான் காரணம் என்றால், பிள்ளையில்லாதவர்களின் திருமணம் திருமணம் இல்லையா? கட்டாயம் திருமணம்தான். மலட்டுத்தன்மை திருமணத்தைச் செல்லாததாக்காது என்று 1084ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அறுபது வயதில் கட்டினாலும் திருமணமே. திருச்சபை பார்ப்பது பிள்ளை பிறந்ததா என்பதை அல்ல. ஆணும் பெண்ணும் ஒன்றாகும் அந்த உறவு உயிருக்கு வழிவிடும் வகையைச் சேர்ந்ததா என்பதைத்தான் பார்க்கிறது. இந்த விளக்கம் எல்லோருக்கும் ஏற்புடையது அல்ல என்று தெரியும். ஆனால் திருச்சபையின் வாதம் இதுதான். இதை விளங்காமல் எதிர்ப்பதும் ஆதரிப்பதும் வீண்.

[திரையில்: பழைய வரைபடம். மாந்தை, மன்னார்க் கோட்டை, மருதமடு.]

அரசு ஒன்றைத் திருமணம் என்று சொல்ல, திருச்சபை வேறொன்றைச் சொல்லும் நிலை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விழுந்தது. மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் 1670இல் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனதாக மடுவின் வரலாறு சொல்கிறது. அந்தக் காலத்தில் கரையோரத்தில் அரசு ஏற்றுக்கொண்ட திருமணம் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்துச் சீர்திருத்த சபையின் முறைப்படி நடந்து, அவர்களின் பள்ளிக்கூடத் தோம்பில், அதாவது பதிவேட்டில், எழுதப்பட்ட திருமணம் மட்டுமே. கத்தோலிக்க முறைப்படி செய்தால் சட்டத்தின் கண்ணில் அது ஒன்றுமே இல்லை. பிறக்கும் பிள்ளைக்கு முதுசம் கேட்கும் உரிமையிலேயே சிக்கல் வரும்.

அப்போது எங்கள் முன்னோர் என்ன செய்தார்கள்? தோம்பில் பெயரை எழுதினார்கள். பிறகு, 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளைப் போன்ற ஒரு குரு இரவோடு இரவாக வந்துசேரும்போது, கடவுள் முன்னிலையில் சம்மதம் கொடுத்தார்கள். இந்த நிலை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. 1806இல்தான் ஆங்கிலேயத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கி, 1795இலிருந்து நடந்த கத்தோலிக்கத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்று பிரமாணம் போட்டார்.

அரசு ஏற்காத அத்தனை காலமும் அவை திருமணங்களாகவே இருந்தன. சட்டம் மாறினால் என்னாகும் என்று பயப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

[திரையில்: பதிவாளர் மேசை. விவாகப் பதிவேடு.]

அப்படியென்றால் திருச்சபை ஏன் பேசாமல் இருக்கவில்லை? கோயில் கலியாணத்துக்கு ஆபத்தில்லை என்றால் அரசு தன் பதிவேட்டில் என்ன எழுதினால் என்ன?

2003இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அப்போது அதன் தலைவராக இருந்த கர்தினால் ராற்சிங்கரின் ஒப்பத்தோடு, இதற்கு ஒரு பதில் வெளியிட்டது. சட்டம் நடத்தையை ஒழுங்குபடுத்துவதோடு நிற்பதில்லை, சனத்தின் சிந்தனையையும் வழக்கத்தையும் உருவாக்குகிறது என்பது அதன் அடிப்படை. திருமணம் என்பது பெரியவர் இருவரின் அன்பு ஒப்பந்தம் மட்டுமே என்று சட்டம் சொல்லத் தொடங்கினால், தாயும் தகப்பனும் என்ற பிணைப்பு பிள்ளைக்கு ஏன் தேவை என்பது அடுத்த தலைமுறைக்கு விளங்காமல் போகும் என்று அது வாதிடுகிறது. 2016இல் திருத்தந்தை பிரான்சிசும், ஒரே பாலின இணைவுகளைத் திருமணத்தோடு ஒப்பிட எந்த அடிப்படையும் இல்லை என்று எழுதினார். 2023 டிசம்பரில் அத்தகைய இணைகளுக்கு வழிபாட்டுச் சடங்கு இல்லாத எளிய ஆசீர் கொடுக்கலாம் என்று வத்திக்கான் சொன்னபோதும், திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்று அதே ஆவணத்திலேயே எழுதியது.

மாற்றம் கேட்பவர்களின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர் வைத்தியசாலையில் கிடக்கும்போது, கையெழுத்துப் போட மற்றவருக்கு உரிமையில்லை. இறந்தால் வீடு உறவினருக்குப் போய்விடுகிறது. அரசு எல்லாக் குடிமக்களுக்கும் பொது, ஒரு மதத்தின் விளக்கத்தை எல்லோர் மேலும் சுமத்தலாமா என்று கேட்கிறார்கள். அயர்லாந்தில் 62 வீதமானவர்கள் ஆம் என்று வாக்களித்தார்கள். அவர்களில் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் ஏராளம். அந்த முடிவு வந்தபின், அப்போது டப்ளின் பேராயராக இருந்த டையர்முட் மாட்டின், திருச்சபை நிலைமையை உள்ளபடி பார்த்தாக வேண்டும் என்றார். எனக்குப் பிடித்த பதில் அது. தோற்றதற்குச் சனத்தைத் திட்டாமல், எங்கள் போதனை ஏன் அவர்களின் காதில் ஏறவில்லை என்று கேட்ட பதில்.

இலங்கையில் விவாதம் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. 1907ஆம் ஆண்டுப் பொது விவாகக் கட்டளைச் சட்டத்தில் இது பற்றிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. இங்கே பேசப்படுவது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள். ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் பிரிவுகள் அவை. அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது சட்டமாகவில்லை.

குற்றமா என்பது ஒரு கேள்வி. திருமணமா என்பது வேறு கேள்வி. எங்கள் ஆட்கள் பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். ஒரே பாலின ஈர்ப்புள்ளவராய் இருப்பது குற்றம் அல்ல என்று 2023 ஜனவரியில் பிரான்சிஸ் வெளிப்படையாகச் சொன்னார். மறைக்கல்வி ஏட்டின் 2358ஆம் எண்ணும் அவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாடு கூடாது என்கிறது. வன்னியிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிறு பூசையில் எங்களுக்குப் பக்கத்து வாங்கில் முழந்தாளிடுகிறார்கள். திருமணம் பற்றிய போதனையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அதே போதனையைச் சாட்டாக வைத்து ஒரு பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தும் தாய் தகப்பனைத் திருச்சபையின் பெயரால் நான் ஆதரிக்க முடியாது.

[திரையில்: மாத்தளன் கடற்கரை. பிறகு, கூரை இல்லாத ஒரு சிற்றாலயம்.]

இப்போது எங்கள் வீட்டுக்குள் வருவோம். வெளிநாட்டுச் சட்டம் பற்றிச் சத்தமாகப் பேசுகிறோம். போர் எங்கள் கலியாணங்களுக்குச் செய்ததைப் பற்றி இவ்வளவு சத்தம் ஏன் இல்லை?

2007, 2008, 2009. கலியாணமானால் ஆட்சேர்ப்பிலிருந்து தப்பலாம் என்ற நம்பிக்கையில், பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குக் கொட்டிலுக்குள்ளும் பங்கருக்குப் பக்கத்திலும் அவசரமாகத் தாலி கட்டினார்கள். எழுத்து, அதாவது அரச விவாகப் பதிவு, இல்லை. இலங்கைச் சட்டத்தில் வயது 18, ஆகவே எழுதவும் முடியாது. இவை திருமணங்களா?

திருச்சபைச் சட்டம் இங்கே இரண்டு பக்கமும் பார்க்கிறது. குரு கிடைக்கவே மாட்டார், அந்த நிலை ஒரு மாதமாவது நீடிக்கும் என்று தெரிந்தால், அல்லது சாவு நெருங்கினால், இரண்டு சாட்சிகளின் முன் மட்டும் சம்மதம் கொடுத்தாலும் திருமணம் செல்லும். அது 1116ஆம் பிரிவு. மறுபக்கம், வெளியிலிருந்து வந்த கடும் பயத்திலிருந்து தப்ப ஒருவர் திருமணத்தைத் தெரிவுசெய்ய வேண்டிவந்தால், அந்தத் திருமணம் செல்லாது. யாரும் வேண்டுமென்று அந்தப் பயத்தை உண்டாக்காவிட்டாலும் செல்லாது. இது 1103ஆம் பிரிவு. வன்னியை நினைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். எந்தத் திருமணம் எதற்குள் அடங்கும் என்பதை நானோ அயலட்டையோ தீர்மானிக்க முடியாது. மறைமாவட்டத்தின் திருமண நீதிமன்றம் ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் சொல்ல வேண்டும். 2015இல் பிரான்சிஸ் அந்த நடைமுறையைச் சுருக்கி, இரண்டாவது நீதிமன்றமும் உறுதிசெய்ய வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை நீக்கினார்.

அப்புறம், காணாமற்போனவர்களின் மனைவிமார். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மாரோடு இவர்களும் இருந்தார்கள். அரசு இவர்கள் முன் இரண்டு கடதாசிகளை நீட்டுகிறது. ஒன்று, 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேல் காணாமலிருந்து, மோதலில் இறந்ததாக நம்பப்படுபவருக்கு எடுக்கக்கூடிய மரணச் சான்றிதழ். மற்றது, 2016இல் வந்த, ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ். மரணச் சான்றிதழை எடுத்தால் தேடலைக் கைவிட்டது போலாகும் என்று பலர் தொடவே மறுக்கிறார்கள். எடுக்காவிட்டால், யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் சீதனக் காணியைக்கூட விற்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும்.

இதில் திருச்சபையின் சட்டம் அரசினதைவிடக் கண்டிப்பானது. எத்தனை வருடம் போனாலும், ஆளைக் காணவில்லை என்பது மட்டும் போதாது. சாட்சிகளையும் ஊர்ப் பேச்சையும் மற்ற அறிகுறிகளையும் விசாரித்து, இறந்துவிட்டார் என்று ஆயருக்கு மனச்சாட்சிப்படி நிச்சயம் ஏற்பட்டால்தான், 1707ஆம் பிரிவின்படி அவர் அதை அறிவித்து மறுமணத்துக்கு வழிவிடலாம். இந்தக் கண்டிப்பு கொடுமையாகத் தெரியலாம். ஆனால், காணாமற்போனவரை இறந்தவராக எண்ணி முடித்துவிட வேண்டாம் என்று அந்தப் பெண்கள் அரசிடம் கேட்பதும் இதைத்தான். அதேவேளை இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குச் சொல்லப்படவில்லை. மறுமணம் செய்து, எழுத்து எழுதி, நற்கருணை வாங்காமல் பின் வாங்கில் இருக்கும் பெண்ணைக் குறைசொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. விண்ணப்பம் எழுதிக் கொடுக்கத்தான் ஆளைக் காணோம்.

[திரையில்: பங்குமனை வாசல்.]

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், பங்குத்தந்தையிடம் போய் 1707 என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு என்றால் யாழ்ப்பாண மறைமாவட்டம். வவுனியா, மன்னார் என்றால் மன்னார் மறைமாவட்டம். கணவரைக் கடைசியாகக் கண்டவர் யார், எங்கே, எந்தத் திகதியில் என்பதை இப்போதே எழுதி வையுங்கள், சாட்சிகளுக்கு வயதாகிறது. குரு இல்லாமல் போர்க்காலத்தில் கட்டியிருந்தால், அன்று சாட்சியாக நின்றவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் திருமணத்தைப் பங்குக்கு அறிவித்துப் பதியச் செய்வது உங்கள் கடமையும் சாட்சியின் கடமையும் என்று 1121ஆம் பிரிவு சொல்கிறது. கோயில் ஏடுகள் செல்லடியில் எரிந்து ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லையென்றாலும் பின்வாங்க வேண்டாம். நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சியின் வாக்கும் போதும் என்று 876ஆம் பிரிவு இடம்கொடுக்கிறது. அரச பதிவுக்கு, வயது இப்போது வந்துவிட்டதால், பிரதேச செயலகத்தில் விசாரித்து எழுத்தையும் முடித்துவிடுங்கள்.