ஆமணக்கு விதையின் மூக்கு

வணக்கம். என் கையில் இருப்பது ஆமணக்கு விதை. பின்வரிசைக்குத் தெரியாது, சரி, நானே சொல்லிவிடுகிறேன். பளபளப்பாக, பழுப்புத் தீற்றல்களோடு, ரத்தம் குடித்துக் கொழுத்த உண்ணி மாதிரி இருக்கும். இதன் லத்தீன் பெயர் ரிசினஸ். அதற்குப் பொருளே உண்ணிதான். உண்ணியின் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெளுப்பாக ஒரு புடைப்பு இருக்கிறது, பாருங்கள். விதையின் மூக்கு என்று வைத்துக்கொள்வோம். இன்றைய பேச்சு இந்த மூக்கைப் பற்றித்தான்.

வெயிலில் ஆமணக்குக் காய் பட்டென்று வெடித்து விதை தெறிக்கிறது. அப்புறம் எறும்பு வருகிறது. அதற்கு வேண்டியது விதை அல்ல, மூக்கு. அதிலுள்ள கொழுப்பு, செத்த பூச்சியின் கொழுப்பை ஒத்தது. ஆக, எறும்பின் கணக்கில் இது இரை. ஆனால் வளர்ந்த எறும்பால் கெட்டியான தீனியை விழுங்க முடியாது. வளைக்குள் இருக்கும் அதன் குஞ்சுகளான புழுக்கள்தான் தின்ன வேண்டும். அதனால் விதையோடு சேர்த்து இழுத்துப் போகிறது. மூக்கைத் தின்று முடித்ததும் விதையை வளைக்குள்ளேயோ வெளியே குப்பை மேட்டிலோ போட்டுவிடுகிறது. விதைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சுவீடன் தாவரவியலாளர் செர்நாண்டர் 1906-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். இன்று 11,000-க்கும் மேற்பட்ட செடியினங்கள் இப்படி எறும்பை நம்பியிருப்பது தெரியும். எறும்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? பெரும்பாலும் ஓரிரு மீட்டர்தான். இதற்கா இவ்வளவு ஏற்பாடு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஃபின்போஸ் என்ற புதர்க்காட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கே பொதுவாகப் பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ வந்து எல்லாவற்றையும் எரித்துவிடும். தரையில் கிடக்கும் விதையை எலி தின்னும், மிச்சத்தை நெருப்பு தின்னும். எறும்பு மண்ணுக்குள் கொண்டுபோனது மட்டும் தப்பி, தீக்குப் பிறகு முளைக்கிறது. அங்கே தூரம் முக்கியமில்லை, ஆழம்தான்.

அந்தக் காட்டுக்குள் அர்ஜென்டினா எறும்பு புகுந்தது. உள்ளூர் எறும்புகளை விரட்டிவிட்டு, மூக்கை இருந்த இடத்திலேயே கொறித்துவிட்டு, விதையை அப்படியே விட்டுப் போகிறது. கூலியை வாங்கிக்கொண்டு மூட்டையைத் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போனவன் கதை. பாண்ட், ஸ்லிங்ஸ்பி என்ற இருவர் மிமெட்டிஸ் என்னும் புதரின் விதையை இரண்டு வகை இடங்களிலும் வைத்துப் பார்த்து, 1984-இல் முடிவை வெளியிட்டார்கள். உள்ளூர் எறும்பு இருந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முளைத்தது. வந்தேறி எறும்பு பிடித்த இடத்தில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.