வழுக்கை ஆறு எந்த வாரம் ஓடியது?

(எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் பேசியது. எழுதித் தரும்படி இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். மேடையில் நினைவுக்கு வராத ஓரிரு எண்களை இப்போது சேர்த்திருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடியே.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து, குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே முன்வரிசையில் அமர்ந்து எங்களை வெட்கப்பட வைத்த பிரதேச செயலாளர் அவர்களே, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பொருளியல் பேராசிரியர் அவர்களே, அவருக்கு முன்னால் நான் எண்களைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை, பொறுத்தருள வேண்டும். ஆலய பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, வித்தியாலய அதிபர் அவர்களே, நீங்கள் எல்லோரும் அமர்ந்திருக்கும் நாற்காலிகளை வாங்கித் தந்த கனடா அன்பர் அவர்களே, பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகையால் சொல்லவில்லை. மூன்றாம் வரிசையில் நீலச் சட்டையோடு இருக்கிறார். விதானையார் அவர்களே, உங்களை விட்டுவிட்டால் அடுத்த வதிவிடச் சான்றிதழுக்கு நான் எத்தனை நாள் அலைய வேண்டுமோ தெரியாது. தாய்மார்களே, பெரியோர்களே, பின்னால் மதிலில் சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, வேலையின்மையை நாடு எப்படி அளக்கிறது என்பது. நான்கு விடயங்களைச் சொல்ல எண்ணி வந்தேன். வேலை செய்கிறவர் யார், வேலையில்லாதவர் யார், சில வீடுகளை மட்டும் கேட்டு முழு நாட்டுக்கும் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள், வெளிநாட்டுப் பணம் வருகிற வீடுகளில் இந்தக் கணக்கு என்ன ஆகிறது. நேரம் இருபது நிமிடம் என்று தலைவர் சொன்னார். அதில் வணக்கத்துக்கே நாலு நிமிடம் போய்விட்டது.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். என் தகப்பனார் தினமும் சொல்வார். சின்ன வயதில் நான் அவரைக் கேட்டேன், "அப்பா, யாழ்ப்பாணத்தில்தான் ஆறே இல்லையே, எதில் போடுவது?" அவர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சண்டிலிப்பாய்ப் பக்கம் ஓர் இடத்தில் நிறுத்தி, "இதுதான் வழுக்கை ஆறு" என்றார். நான் பார்த்தது ஒரு பள்ளம், அதற்குள் மேய்கிற இரண்டு ஆடுகள். ஆவணி மாதம். பிறகு கார்த்திகை மழையில் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார். தெல்லிப்பழைப் பக்கமிருந்து வெள்ளம் கந்தரோடை தாண்டி, நவாலி தாண்டி, அராலியில் கடல்நீரேரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஆவணியில் கேட்டவருக்கு யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. கார்த்திகையில் கேட்டவருக்கு ஆறு உண்டு. இருவரும் பொய் சொல்லவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாட்டில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1990 முதல் காலாண்டுக்கு ஒருமுறை தொழிற்படை அளவீடு நடத்துகிறது. போர் நடந்த காலத்தில் பெரும்பாலான ஆண்டுகள் வடக்கு அதில் இல்லை. 2011 இலிருந்துதான் எல்லா மாவட்டங்களும் முழுமையாக உள்ளே வந்தன. அதாவது இருபது ஆண்டளவு "இலங்கையின் வேலையின்மை" என்று பத்திரிகையில் வந்த எண்ணுக்குள் நாங்கள் இருக்கவில்லை. சண்டை நடக்கிற இடத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்க முடியாதுதான், திணைக்களத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றபோது எத்தனை வீட்டில் அடுப்பு நின்றது என்று அந்தக் கணக்கில் தேடினால் கிடைக்காது. ஆற்றில் போட்டோம், அளக்காமல் போட்டோம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் கேட்கிறார்கள். முன்பு பத்து வயதிலிருந்து கேட்டார்கள். கடந்த வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தீரா? செய்திருந்தால் நீர் தொழில் செய்பவர். சொந்தத் தோட்டம், சொந்தக் கடை, குடும்பத்தின் கடையில் சம்பளமில்லாமல் நிற்பது, எல்லாம் சேரும். ஒரு மணித்தியாலமா என்று சிரிக்கிறீர்கள். இது கொழும்பில் யாரோ கண்டுபிடித்த தந்திரம் என்று நினைக்க வேண்டாம். 1982 இல் சர்வதேச தொழில் அமைப்பு கூட்டிய புள்ளிவிபரவியலாளர் மாநாட்டில் முடிவு செய்த உலக வழக்கம் அது.

வேலையில்லாதவர் என்று எழுதப்படுவது இதைவிடக் கடினம். கடந்த வாரம் வேலை செய்திருக்கக் கூடாது, கடந்த நான்கு வாரத்துக்குள் வேலை தேடி ஏதாவது முயற்சி எடுத்திருக்க வேண்டும், கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் போக ஆயத்தமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு பக்கத்தவரும் சேர்ந்ததுதான் தொழிற்படை. இந்தப் பக்கமும் சேராதவர், அந்தப் பக்கமும் சேராதவர், தொழிற்படைக்கு வெளியே. வீதம் போடும்போது கீழே வகுக்கிற எண்ணிலும் அவர் இல்லை.

ஒரு கதை சொல்கிறேன். பேராசிரியர் மன்னிக்க வேண்டும், இது பாடப்புத்தகத்தில் இல்லை.

வடக்கு கணக்குக்குள் வந்த புதிதில் நான் கணக்கெடுப்பாளராகப் படிவத்தோடு வலிகாமத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். தை மாதக் கடைசி. படலையைத் திறந்தால் முற்றம் நிறையப் பனங்கிழங்கு. ஓர் ஆச்சி, வயது எழுபது இருக்கும், சாக்கில் இருந்து கிழங்கைக் கிழித்துக் கிழித்து ஒடியலுக்குக் காயப் போட்டுக்கொண்டிருக்கிறார். மாமரத்தின் கீழே சாய்மனைக் கதிரையில் பேரன், கையில் தொலைபேசி. நான் வணக்கம் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, எழுதத் தொடங்கினேன்.

"ஆச்சி, போன கிழமை ஏதாவது வேலை செய்தீர்களா?"

"நான் என்ன மேனே வேலை செய்கிறது? சும்மாதான் இருக்கிறேன்."

கை நிற்கவில்லை. கிழங்கு கிழிந்துகொண்டே இருக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டு எழும்பியிருந்தால் ஆச்சி தொழிற்படைக்கு வெளியே போயிருப்பார். எனக்கு மனம் வரவில்லை.

"இந்த ஒடியல் எதற்கு ஆச்சி?"

"கூழுக்குக் கொஞ்சம். கொழும்பில் இருக்கிற மகளுக்குக் கொஞ்சம். மிச்சத்தைச் சுன்னாகம் சந்தைக்குக் கொடுத்து விடுவேன்."

"சந்தைக்குக் கொடுத்தால் காசு வரும்தானே?"

"வரும். அது வேலையா? அது ஒடியல்."

பிறகு ஆடு வந்தது. ஆட்டுப்பால் இரண்டு வீட்டுக்குப் போகிறது. கோழி வந்தது, முட்டை சந்திக் கடைக்குப் போகிறது. திண்ணையில் பாதி இழைத்த கடகம் ஒன்று இருந்தது, அதற்கு முற்பணம்கூட வாங்கியாயிற்று. எத்தனை மணித்தியாலம் என்று கேட்டேன். ஆச்சிக்கு மணித்தியாலம் தெரியாது, கோயில் மணிதான் தெரியும். காலைப் பூசைக்கு எழும்பினால் உச்சிப் பூசை வரை இது, அந்திப் பூசை வரை அது என்று விரல் மடக்கிச் சொன்னார். கூட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு நாற்பது மணித்தியாலத்துக்கு மேல். என்னைவிடக் கூட.

அடுத்தது பேரன். பட்டதாரி. ஆச்சி பெருமையோடு முந்திக்கொண்டார், "அவன்தான் வேலை தேடுகிறான்." நான் கேட்டேன், "தம்பி, கடந்த நாலு கிழமைக்குள் எங்கேயாவது விண்ணப்பம் போட்டீரா? யாரையாவது கேட்டீரா?" அவர் சொன்னார், "இல்லை ஐயா. அரசாங்கத்தில் பட்டதாரி நியமனத்துக்குக் கூப்பிடுவார்கள், அதுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

எழுதி முடித்தேன். வீட்டாருக்கு முடிவைச் சொல்லக் கூடாது. ஆனால் ஆச்சி தேத்தண்ணீர் தந்து, பனங்கட்டியும் தந்து, "என்ன எழுதினீர் மேனே?" என்று கேட்டால் சொல்லாமல் வர முடியுமா? சொன்னேன். "ஆச்சி, கணக்கின்படி நீங்கள் தொழில் செய்பவர். தம்பி தொழில் செய்பவரும் இல்லை, வேலையில்லாதவரும் இல்லை."

ஆச்சி அப்போதுதான் கையை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், மாமரத்தைப் பார்த்தார். "இந்த வீட்டில் உழைக்கிறது நான் ஒருத்திதான் என்று சொல்ல, அரசாங்கம் உம்மைக் கொழும்பிலிருந்து அனுப்ப வேண்டுமா?"

(கைதட்டல் நீண்டது. ஒலிபெருக்கியும் இந்த இடத்தில் ஒருதரம் கீச்சிட்டது.)

கவனியுங்கள், அந்த வீட்டில் வேலையின்மை வீதம் பூச்சியம். இலங்கையின் வேலையின்மை வீதம் 2023 இல் நூற்றுக்கு 4.7. இது குறைவாக இருக்கிறதே என்று மகிழ்கிறவர்களும், இது பொய் என்று கத்துகிறவர்களும் கேள்வியைப் படிக்காதவர்கள். அதே பேரன் பின்னேரம் டியூட்டறியில் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் கணிதம் சொல்லிக் கொடுத்தால், அன்றே தொழில் செய்பவர் ஆகிவிடுவார். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் அவர் அப்போதும் "சும்மா நிற்கிறார்". ஏனென்றால் எங்களுக்கு வேலை என்றால் உத்தியோகம். ஓட்டோ ஓடுகிற மகனைப் பற்றிக் கேட்டாலும், "வேலை ஒன்றும் சரிவரவில்லை, ஓட்டோ ஓடுகிறான்" என்கிறோம். அந்தப் பதிலை ஒரு கணக்கெடுப்பாளர் கேட்டபடி எழுதினால் முழுக் கணக்கும் கோணிவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1940 இலிருந்து மாதாமாதம் வீடுகளைக் கேட்டு வருகிறார்கள். போன வாரம் பெரும்பாலும் என்ன செய்தீர்கள், வேலையா, வீட்டுப் பராமரிப்பா, படிப்பா என்று கேட்டுவந்த கேள்வியை 1994 இல் மாற்றினார்கள். கதவைத் திறந்தது பெண் என்றால் கேட்கிறவரே வீட்டுப் பராமரிப்பு என்று முடிவுகட்டி விடுகிற ஆபத்து அதில் இருந்தது. எங்கள் நாட்டில் தொழிற்படையில் இருக்கிற பெண்கள் மூன்றில் ஒருவர் அளவுதான் என்று அறிக்கை சொல்கிறது. அந்த மற்ற இருவரில் எத்தனை ஆச்சிமார் ஒடியல் கிழிக்கிறார்களோ?

2013 இல் ஜெனீவாவில் கூடிய அதே புள்ளிவிபரவியலாளர் மாநாடு இன்னும் ஒரு படி போனது. விற்க என்று செய்தால் தொழில், வீட்டுச் சாப்பாட்டுக்கு என்றே செய்தால் அதுவும் வேலைதான், ஆனால் தொழில் இல்லை என்று பிரித்தது. கூழுக்கு வைத்த ஒடியல் ஒரு பக்கம், சந்தைக்குப் போன ஒடியல் மறுபக்கம். ஒரே சாக்கு, ஒரே கை. இதைப் பற்றிப் பேராசிரியர் ஒருநாள் வந்து தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாதிரி எடுப்பது பற்றி ஒரு சொல். ஆண்டுக்கு ஏறக்குறைய 25,000 வீடுகள். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு இடத்திலும் பத்து வீடுகள். நாட்டுக்கு இது தாராளம். ஆனால் 25 மாவட்டங்களுக்குச் சராசரி போட்டால் ஆயிரம் வீடு, காலாண்டுக்கு 250. வீட்டுக்கு ஒன்றரைப் பேர் தொழிற்படையில் என்று வைத்தால் 375 பேர். அதில் வேலையில்லாதவர் ஐந்து வீதம் என்றால் பத்தொன்பது பேர். இரண்டு பேர் பதிலை மாற்றிச் சொன்னால் வீதம் 4.5 ஆகலாம், 5.6 ஆகலாம். அதனால்தான் மாவட்ட எண்ணுக்கு ஆண்டறிக்கை வரும்வரை காத்திருக்கிறோம். அதில்கூட எங்கள் ஊர் தெரியாது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. எங்கள் பிரிவில் இந்த ஆண்டு ஒரு வீட்டைக்கூடத் தட்டாமல் போகலாம்.

இங்கேதான் நான் பல ஆண்டாகச் சொல்லி, எங்கள் நிருவாக சபையினர் என்னைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போகிற அந்தக் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் ஒரு வேலைப் பதிவேடு வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றால், யார் அளப்பது? நாங்கள் அளக்கலாம். எங்கள் தொழில்கள் வழுக்கை ஆறு போல. காலபோகம் தை மாசியில் வெட்டு, அதன் பிறகு வயல் கூலிக்காரர் என்ன செய்கிறார்? சோளகம் கடுமையாக வீசினால் கடலுக்குப் போக முடியாது. படகு வைத்திருக்கிற சம்மாட்டி அந்த வாரம் கரையில் நின்றாலும் தற்காலிகமாகப் போகாதவர், ஆகவே தொழில் உள்ளவர். அவரோடு பங்குக்குப் போகிறவரின் நிலை என்ன? கள் இறக்குகிற சீவல் தொழிலாளிக்கு ஆண்டில் எத்தனை மாதம் வருமானம்? இந்தப் பருவமாற்றத்தை எழுத இடம் வேண்டும் என்று பணியில் இருந்த காலத்தில் ஒரு மேலதிகாரியிடம் கேட்டேன். "படிவத்தில் அதற்குக் கூடு இல்லை" என்றார், எழுதுகிற கட்டம் இல்லை என்று. பெயர் வேண்டாம், நல்ல மனிதர், ஓய்வுபெற்று விட்டார். நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். அந்தக் கூடு இல்லாத குறை மட்டும் என் மனத்தில் ஓய்வுபெறவில்லை.

பதிவேட்டுக்கு ஆள் பலம் வேண்டியதில்லை. ஐந்து கேள்வி. மாதத்துக்கு ஒருமுறை. உயர்தரம் முடித்துவிட்டு மதிலில் சாய்ந்து நிற்கிற தம்பிமார் நாலு பேர், ஆளுக்கு முப்பது வீடு. பெயர் எழுத வேண்டாம், வீட்டு இலக்கம் போதும். யார் வேலை என்று சொல்லாததையும் கேட்டு எழுத வேண்டும். சம்பளத்தைக் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த மாதம் படலை திறக்காது, இது என் அனுபவம். வரிக்காரர் அனுப்பினாரோ, அரசாங்க உதவிப் பணத்தை வெட்டப் போகிறார்களோ என்ற பயம் எங்கள் சனத்துக்கு உண்டு. அந்தப் பயத்தில்தான் பாதி எண்கள் பிழைக்கின்றன. ஊர்ப் பிள்ளை கேட்டால் அந்தப் பயம் இல்லை, ஆனால் ஊர்ப் பிள்ளை வாயைக் கட்ட வேண்டும். அது அதிபர் அவர்களின் பொறுப்பு.

பிரதேச செயலாளர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். தையல் பயிற்சி வைப்பதா, கடன் கொடுப்பதா என்று உங்கள் அலுவலகம் தீர்மானிக்கும் போது இந்தப் பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆற்றிலே போடுகிற பணம் என்றாலும்... சரி, சொல்லவில்லை, பின்வரிசையில் எனக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

தலைவர் மணியைக் காட்டுகிறார். வெளிநாட்டுப் பணம் பற்றிய நான்காவது விடயம் அப்படியே நிற்கிறது. நீலச் சட்டைக்காரர் நிம்மதியாக மூச்சு விடுவது இங்கிருந்தே தெரிகிறது.

நான் என் காசில் நான்கு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வடை எடுக்க வருகிற தம்பிமார் கொப்பியையும் எடுக்க வேண்டும். முதல் வீடு என்னுடையதாகவே இருக்கட்டும். என் மனைவி வீட்டில் இருக்கிறார். போன கிழமை என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள், "சும்மாதான் இருந்தேன்" என்பார். எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.