மட்டக்களப்பில் திருநர் நடைபவனி: நடப்பதற்கு முன்னால் நடப்பவை

[திரையில்: மாலை வெயிலில் கல்லடிப் பாலம். வாவிக் காற்றில் இளநீலம், இளஞ்சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் கொண்ட கொடி.]

வணக்கம். திருநர் சுயமரியாதை நடைபவனி என்றால் நமக்குக் கண்ணில் படுவது பறையும் கொடியும் பட்டுச் சேலையும் செல்பியும்தான். அதெல்லாம் ஒரு மாலைப்பொழுது. அதற்குப் பின்னால் மாதக் கணக்கில் வேலை இருக்கிறது. இந்த வீடியோ அந்த வேலையைப் பற்றியது. மட்டக்களப்பை வைத்துச் சொல்கிறேன். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ செய்ய நினைப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

திருநர் என்று நான் சொல்லும்போது திருநங்கைகளும், பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பிகளும் அதில் அடக்கம். திருநம்பிகளை மறந்துவிடுவது நம்மிடம் பழகிப்போன ஒன்று. ஏற்பாட்டுக் குழுவிலேயே அவர்கள் இருந்தால் அந்த மறதி வராது.

முதலில் திகதி. 1969 ஜூன் 28 அதிகாலை தன்பாலீர்ப்பினரும் திருநரும் கூடும் நியூயோர்க்கின் ஸ்டோன்வோல் மதுக்கடைக்குள் பொலிஸ் புகுந்தபோது அங்கிருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அடுத்த வருடம் அதை நினைத்து ஊர்வலம் போனார்கள். பல நாடுகளிலும் ஜூன் மாதத்தில் நடப்பதற்குக் காரணம் அதுதான். சென்னையிலும் 2009இல் ஜூனில்தான் தொடங்கினார்கள். மார்ச் 31ஐயும் எடுக்கலாம், அது திருநருக்கென்றே உலகம் வைத்த நாள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 திருநங்கையர் தினம்.

ஜூனை எடுத்தால் நம் ஊரில் கச்சான் காற்று. பகல் பதினொரு மணிக்குப் பாலத்தில் நின்றால் முகத்துப் பவுடர் கழுத்துக்கு வந்துவிடும். அதனால் பின்னேரம் நாலு மணி. மாரியில் வைக்கலாமே என்று கேட்காதீர்கள், வெள்ளத்தில் தோணிதான் விட வேண்டும். அப்புறம் ஊர்க் கலண்டரைப் பாருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், பக்கத்திலேயே காத்தான்குடி என்பதால் ஹஜ் பெருநாள். இவற்றோடு மோதினால் ஆளும் வராது, வாகனமும் கிடைக்காது, கோபம் மட்டும் மிஞ்சும்.

[திரையில்: ஒரு கடிதத்தின் மேல்பகுதி. பெறுநர்: பொறுப்பதிகாரி, பொலிஸ் நிலையம்.]

அடுத்தது பொலிஸ். பலர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். "அனுமதி தருவாங்களா?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவை ஒருமுறை வாசியுங்கள். ஊர்வலம் தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு, தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆகவே கடிதத்தில் "அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்" என்று எழுதாதீர்கள். "பின்வரும் பாதையில் நடைபவனி நடைபெறவுள்ளதை அறியத் தருகிறோம்" என்று எழுதுங்கள். கேட்டுவிட்டால் மறுக்க ஒரு வாய்ப்பை நாமே கொடுத்ததாகிவிடும்.

ஆனால் முழுப் படத்தையும் சொல்ல வேண்டும். பொது ஒழுங்கைக் காரணம் காட்டி நிபந்தனை விதிக்கவோ தடுக்கவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒரு அதிகாரிக்கு அதே பிரிவு அதிகாரம் தருகிறது. நீதிமன்றத் தடை வாங்கவும் முயலலாம். அதனால் ஆறு மணித்தியாலத்தை நம்பி இருக்காமல் இரண்டு கிழமைக்கு முன்பே கொடுங்கள். பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். சட்டத்தரணி ஒருவரோடு போங்கள். இன்னொரு பிரதியை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஒலிபெருக்கி மட்டும் தனி விஷயம், அதற்கு உண்மையாகவே அனுமதி எடுக்க வேண்டும்.

"இதெல்லாம் சட்டவிரோதம் இல்லையா?" என்று நிலையத்திலும் கேட்பார்கள், வீட்டிலும் கேட்பார்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகளை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். அவை ஒரே பாலினருக்கு இடையிலான உடலுறவுக்கு எதிராகப் பயன்படும் பிரிவுகள். திருநராக இருப்பதையோ வீதியில் கூடி நடப்பதையோ அவை தடுக்கவில்லை. அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அந்தப் பிரிவுகளைத் திருத்துவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும் சொன்னது. அந்தச் சட்டமூலம் சட்டமாகவில்லை, அது வேறு கதை.

ஆனால் வருபவர்களின் பயம் 365இல் மட்டும் இல்லை. 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், ஆள்மாறாட்டப் பிரிவு என்று சொல்லித் திருநங்கைகளைப் பிடித்த வரலாறு இந்த நாட்டில் உண்டு. அந்தப் பயத்தோடு அடையாள அட்டையைச் சேர்த்துப் பாருங்கள். 2016இலிருந்து உளமருத்துவ நிபுணரிடம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அதைக் கொண்டு புது அடையாள அட்டை எடுக்க வழி இருக்கிறது. வழி இருந்தாலும் எல்லாரும் அதைக் கடந்து முடிக்கவில்லை. வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு திருநங்கை விடுதி மேசையில் அட்டையை நீட்டுகிறாள். அட்டையில் ஆண் பெயர், மீசையோடு படம். மேசைக்காரர் அட்டையைப் பார்க்கிறார், ஆளைப் பார்க்கிறார், "ரூம் இல்ல" என்கிறார். அவளுக்கு நடைபவனி அந்த நிமிடமே முடிந்துவிடும். தங்குமிடத்தை நாமே முன்கூட்டிப் பேசி, பணம் கட்டி, வாசலில் நம் ஆள் ஒருவரை நிறுத்த வேண்டும். செலவுப் பட்டியலில் மேடைக்கு முன்னால் இதை எழுதுங்கள்.

[திரையில்: மண்டபத்தின் உள்ளறை. நீளக் கண்ணாடி, பின் பெட்டி, இஸ்திரிப் பெட்டி.]

உடை மாற்றும் இடமும் அப்படித்தான். வீட்டில் சேர்ட்டும் சாரமுமாக இருப்பவர்கள் பையில் சேலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு வருவார்கள். தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளே பூட்டக்கூடிய அறை வேண்டும். ஒரு கண்ணாடி போதாது. சேலை மடிப்புப் பிடிக்கத் தெரிந்த மூத்த அம்மாமார் இரண்டு பேர், சேப்டி பின், ஈரத் துவாய், மேக்கப் கழுவ எண்ணெய். முடிந்ததும் அதே அறை திரும்பவும் திறந்திருக்க வேண்டும். நெற்றிப்பொட்டோடு யாரும் கடைசி பஸ் ஏற வேண்டிய நிலை வரக்கூடாது. விரும்பி ஏறுபவர் ஏறட்டும்.

படம் எடுப்பதுதான் அடுத்த ஆபத்து. ஒரு முகநூல் நேரலை போதும், ஒருவர் வேலையையும் வீட்டையும் இழக்க. முகம் வரக்கூடாது என்பவர்களுக்கு மணிக்கட்டில் ஒரு ரிபன் கட்டுங்கள். சிவப்பு வேண்டாம், எச்ஐவி ரிபனோடு குழப்பிக்கொள்வார்கள். மஞ்சள் நல்லது. அவர்கள் வரிசையின் நடுவில் நடக்கட்டும், இரண்டு பக்கமும் பதாகை பிடிப்பவர்கள். பத்திரிகையாளர்களுக்கும் யூடியூப்காரர்களுக்கும் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

பாதை? கல்லடிப் பாலத்திலிருந்து காந்தி பூங்கா வரை என்றால் ஊர் பார்க்கும், தூரமும் தாங்கும். பாலத்தில் நிழல் கிடையாது. தண்ணீர் ஏற்றிய ஓட்டோ ஒன்று பின்னால் வரட்டும், நடக்க முடியாதவர்களும் அதில் ஏறலாம். பதாகைகள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். யாராவது கத்தினால் பதில் சொல்வதற்கென்று நிதானமான இரண்டு பேரை ஒதுக்குங்கள். மற்றவர்கள் பறைக்கு ஆடிக்கொண்டு போகட்டும்.

[திரையில்: மின்விளக்குக் கோர்த்த சிறு மேடை.]

மாலை விழாவைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, அது தானாகவே களைகட்டும். பூங்காவில் மேடை என்றால் மாநகர சபைக்கு எழுத வேண்டும். மண்டபம் என்றால் அந்தத் தலையிடி இல்லை. சாப்பாடு ஹலாலாக இருந்தால் முஸ்லிம் நண்பர்களும் ஒரே பந்தியில் இருப்பார்கள். கூத்து வையுங்கள். நம் பக்கத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டி வடமோடி ஆடினால் ஊரே பாய் விரித்து விடிய விடியப் பார்க்கும், அதே ஊர் ஒரு திருநங்கை பஸ்ஸில் ஏறினால் சிரிக்கும். அவர்களே அல்லியாகவும் திரௌபதையாகவும் ஆடட்டும், பார்ப்போம். பேச்சுகளைக் குறையுங்கள், முக்கியமாக நிதி கொடுத்தவர்களின் பேச்சை.

முடிந்த மறு கிழமை கணக்கு. யார் எவ்வளவு தந்தார்கள், பந்தல்காரருக்கு எவ்வளவு, மிச்சம் என்ன என்று எல்லாரையும் இருத்தி வாசியுங்கள். வருடாவருடம் நடக்க வேண்டிய காரியங்கள் உடைவது வெளி எதிர்ப்பால் என்பதைவிடக் காசுச் சண்டையால்தான். பெயர்ப் பட்டியல் எழுதிய கொப்பியை ஒருவர் மட்டும் பத்திரமாக வைத்திருக்கட்டும், வட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். அந்தக் கூட்டத்திலேயே அடுத்த ஜூனுக்கு மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிடுங்கள். ஆடி பிறக்கும் முன் கல்யாணத்தை முடிக்க நினைப்பவர்கள் எல்லா மண்டபத்தையும் பிடித்துவிடுவார்கள்.